வளைகாப்புக்கு வெகு முன்பே

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு ஆண்களின் படம் அருகருகே வெளியானது. இருவரும் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். மற்றவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. இரண்டு பேருமே ஒல்லி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

பார்வைக்கு ஒல்லியாகவும் உள்ளுக்குள் கொழுப்பாகவும் இருக்கும் இந்த உடல்வாகு நமக்குப் பழக்கமானது. பருமன் இல்லாத முப்பத்தைந்து வயதுக்காரருக்குச் சர்க்கரை நோய் வருவதை எல்லாக் குடும்பங்களும் பார்த்திருக்கின்றன. சோறு அதிகம், நடை குறைவு என்று காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவை காரணங்கள்தாம். ஆனால் யாஜ்னிக்கின் குழு, இந்த உடல்வாகு எந்த வயதில் தொடங்குகிறது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனது. தேடல் பிறந்த குழந்தையில் வந்து நின்றது.

1993-இல் புனே அருகே ஆறு கிராமங்களில் அவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மணமான பெண்களைக் கருவுறுவதற்கு முன்பே அளந்து, கருவுற்ற பின் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று குறித்து, பிறந்த குழந்தைகளைத் தலை முதல் தோல்மடிப்பு வரை அளந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் ஆய்வு தொடர்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. முக்கால் கிலோவுக்கு மேல் குறைவு என்றால் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும். அப்படி இல்லை. தசை குறைவு, வயிற்றுறுப்புகள் சிறியவை. முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் ஏறக்குறைய இங்கிலாந்துக் குழந்தையின் அளவுக்கே இருந்தது. மெலிந்த, ஆனால் கொழுத்த குழந்தை. நாற்பது வயதில் மருத்துவர் பார்க்கும் உடல்வாகு பிறந்த அன்றே இருக்கிறது என்றால், அதன் காரணத்தைக் கருவறையில்தான் தேட வேண்டும்.

அந்தத் தாய்மார்கள் எப்படிப்பட்டவர்கள்? கருவுறும்போது அவர்களின் சராசரி எடை 42 கிலோ அளவில்தான். வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்த்துக்கொண்டே கர்ப்பத்தைச் சுமந்தவர்கள். நான்கைந்து மாதக் கர்ப்பத்தில் அவர்கள் உண்டது நாளொன்றுக்குச் சுமார் 1,800 கலோரி, 45 கிராம் புரதம். கலோரி கூடினால் குழந்தையின் எடை கூடும் என்பதுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. கணக்குப் பார்த்தபோது கலோரிக்கும் புரதத்துக்கும் பிறப்பு எடையோடு பெரிய தொடர்பு தென்படவில்லை. தெளிவாகத் தொடர்பு காட்டியவை மூன்று உணவுகள்: பால், கீரை, பழம். இவற்றை அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் பெரிதாகப் பிறந்தார்கள். 2001-இல் வெளியான இந்த முடிவு, 'ரெண்டு உசுருக்கும் சேர்த்துச் சாப்பிடு' என்று சொல்லித் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைக்கும் நம் வழக்கத்தை அடியோடு கேள்வி கேட்கிறது. குறைவாக இருந்தது வயிற்றை நிரப்பும் உணவு மட்டுமல்ல. வைட்டமின்களும் தாதுக்களும் அதைவிடக் குறைவாக இருந்தன.

அவற்றுள் ஒன்று யாஜ்னிக்கின் குழுவை விடாமல் இழுத்தது: பி12. இந்த வைட்டமின் செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் மட்டுமே உண்டு. அந்தக் கிராமத் தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரத்தத்தில் பி12 குறைவாக இருந்தது. சைவம் என்பதால் மட்டுமல்ல. அசைவம் உண்ணும் வீட்டிலும் எப்போதோ ஒரு நாள் சமைக்கும் கறியில் பெண்ணின் பங்குக்கு வருவது குழம்புதான். ஃபோலேட் என்னும் மற்றொரு வைட்டமினோ, கீரையாலும் அரசு தரும் மாத்திரையாலும் போதுமான அளவு இருந்தது. குழந்தைகளுக்கு ஆறு வயதானபோது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம்தான், சர்க்கரை நோய்க்கு இட்டுச்செல்லும் இன்சுலின் எதிர்ப்பு மிகுதியாகக் காணப்பட்டது. 2008-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு உலகெங்கும் பேசப்பட்டது.

இதன் வேதியியல் சிக்கலானது. சாரத்தை மட்டும் சொல்கிறேன். செல் பெருகும்போது புதிய மரபணு இழைகளை உருவாக்கவும், எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று குறி வைக்கவும் 'மீத்தைல்' என்னும் சிறு வேதிக்கூறு தேவை. அதைக் கைமாற்றித் தருவதில் ஃபோலேட்டும் பி12-உம் கூட்டாளிகள். பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் ஒரு வடிவத்தில் சிக்கிக்கொண்டு பயன்படாமல் நிற்கும். எலிகளில் இது கண்ணாலேயே தெரிந்தது. 2003-இல் அமெரிக்காவில் வாட்டர்லேண்ட், ஜிர்ட்டில் என்ற இருவர், மஞ்சள் நிறத்தில் கொழுத்து வளரும் இயல்புடைய ஒரு எலி வகையின் தாய்களுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின் போன்றவற்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பழுப்பு நிறக் குட்டிகள் அதிகமாகப் பிறந்தன. மரபணு மாறவில்லை, அதன் மேல் வைத்த குறிதான் மாறியது.

எலியில் கண்டதை மனிதரில் சோதிக்க முடியாது. கர்ப்பிணியைப் பட்டினி போட்டு யாரும் ஆய்வு செய்ய மாட்டார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர் அதைச் செய்தது. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ரயில்வே ஊழியர்கள் நேச நாடுகளுக்கு ஆதரவாக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பழிவாங்குவதற்காக ஜெர்மன் படை மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தது. குளிர்காலம் வந்து கால்வாய்கள் உறைந்ததும் படகுகளும் நின்றன. நவம்பர் இறுதியில் ஆளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போன ரேஷன், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 400-க்கும் 800-க்கும் இடையே ஊசலாடியது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சில வாரங்களில் உணவு பழைய நிலைக்குத் திரும்பியது.

பஞ்சத்தின் தொடக்கமும் முடிவும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று சொல்ல முடிந்தது. ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா மருத்துவமனையில் அந்த ஆண்டுகளில் பிறந்த 2,414 பேரின் பிறப்புப் பதிவேடுகளை வைத்து ஆராய்ச்சியாளர் டெஸ்ஸா ரோஸ்பூமும் அவருடைய சகாக்களும் அவர்களைத் தேடிப்போனார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்கள் எடை குறைந்து பிறந்திருந்தார்கள். முதல் மூன்று மாதங்களில் மட்டும் சந்தித்தவர்களோ நல்ல எடையோடு பிறந்தவர்கள். பிறந்தபோது அவர்களிடம் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. ஆனால் ஐம்பது வயதை எட்டியபோது, இதய நோய் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. பஞ்சத்தைக் காணாதவர்களில் 3.2 சதவீதம் என்றால், இவர்களில் 8.8 சதவீதம். கருவான காலத்தை ஒட்டிப் பஞ்சத்தைக் கண்டவர்களின் இரத்தத்தை, பஞ்சமில்லாக் காலத்தில் கருவான அவர்களின் உடன்பிறப்புகளோடு 2008-இல் ஒப்பிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்தும், வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மீத்தைல் குறி குறைவாக இருந்தது.

எனவே பிறப்பு எடையை மட்டும் பார்த்து 'குழந்தை நல்லா இருக்கு' என்று நிம்மதி கொள்வதற்கில்லை. உறுப்புகள் ஒவ்வொன்றும் தமக்கென ஒரு காலத்தில் உருவாகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகளின் எண்ணிக்கை, குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே முடிவாகிவிடுகிறது. பிறந்த பின் ஒன்றுகூடப் புதிதாகத் தோன்றாது. அந்தக் காலம் கழிந்தபின் ஊட்டும் சத்து, விட்டுப்போனதை மீட்டுத் தராது.

இதற்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. லெனின்கிராடு நகரம் 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை முற்றுகையில் பட்டினி கிடந்தது. நெதர்லாந்தைவிடக் கொடிய பஞ்சம். அங்கே கருவில் பசித்தவர்களை 1990-களில் ஆராய்ந்தபோது, சர்க்கரையைக் கையாள்வதில் மற்றவர்களோடு வேறுபாடு தெரியவில்லை. ஏன்? டச்சுக் குழந்தைகள் பஞ்சத்தில் கருவாகி மிகுதியில் வளர்ந்தார்கள். லெனின்கிராடு குழந்தைகள் பிறந்த பிறகும் நெடுங்காலம் போதிய உணவின்றியே வளர்ந்தார்கள். கருவில் குறைவுக்குத் தயாரான உடல், வெளியே வந்து மிகுதியைச் சந்திக்கும்போதுதான் தடுமாறுகிறது என்பது பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே பொருந்துவதாகப் படுகிறது. 42 கிலோ தாயின் வயிற்றில் உருவான பிள்ளை, நகரத்துக்கு வந்து, உட்கார்ந்த வேலையில் பரோட்டாவும் பிஸ்கட்டுமாக வாழும் நாடு நம்முடையது. டச்சுக்காரர்களுக்கு ஒரு குளிர்காலத்தில் நேர்ந்தது, நமக்கு ஒரு தலைமுறை நீளத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

மிகுதியும் தீங்கு செய்யும். தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. குழந்தையின் கணையம் அதற்கு ஈடுகொடுக்க இன்சுலினைச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கிறது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மார்களின் பெண் குழந்தைகளிடம் ஐந்து வயதிலேயே கொழுப்பு கூடுதலாக இருந்தது. சென்னையின் மருத்துவர் வி. சேஷய்யா தலைமையில் தமிழ்நாட்டில் 12,056 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, நகரங்களில் 17.8 சதவீதம், சிறுநகரப் பகுதிகளில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாகக் காட்டியது. இப்படிப் பிறக்கும் பெண் குழந்தை வளர்ந்து கருவுறும்போது அவளுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுகிறது. மெலிந்து கொழுத்துப் பிறந்த மகள் ஒரு நாள் தாயாகிறாள். சுற்று மீண்டும் தொடங்குகிறது.

புனேயில் கண்டது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. பாலும் பழமும் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் வேறு வசதிகளும் இருக்கும். ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் நடந்த சோதனையை இந்த விஷயத்தில் நம் நாட்டின் மிக முக்கியமான முயற்சியாக நான் கருதுகிறேன். கருவுற எண்ணிய 6,513 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி. மற்றதற்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற சத்து குறைந்த பொருள்களால் ஆன சிற்றுண்டி. கருவுறுவதற்கு முன்பிருந்து பேறுகாலம் வரை, பணியாளர் முன்னிலையில் தினமும் சாப்பிட வேண்டும். மாத்திரை இல்லை, பவுடர் இல்லை. தெருமுனையில் வாங்கும் பலகாரம் போன்ற ஒன்றுதான்.

முடிவு 2014-இல் வந்தது. மொத்தத்தில் பார்த்தால் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியிருந்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. மிக மெலிந்த பெண்களுக்குப் பலனே இல்லை; ஓரளவு எடையுள்ள பெண்களுக்கு நல்ல பலன். மெலிந்து போன உடல் கூடுதல் சத்தைத் தன் தேவைக்கே எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். ஒன்பது மாதத்தில் ஊட்டி, இருபது ஆண்டுப் பசியை ஈடுகட்ட முடியாது. பிறகு வந்த ஒரு செய்தி இன்னும் பெரியது: கீரைச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை 7.3 சதவீதம், மற்ற பிரிவில் 12.4 சதவீதம். மருந்து இல்லாமல், கீரையும் பழமும் பாலும் செய்த வேலை இது.

காலம் என்ற விஷயத்துக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் தடுமாற்றம் அங்கேதான் நேர்கிறது. 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடத்திய சோதனையில், கருவுறும் சமயத்தில் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு, மூளை, தண்டுவடக் குறைபாடுகள் மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. இப்போது இது உலகறிந்த உண்மை. ஆனால் தண்டுவடமாகும் அந்தக் குழாய் மூடிக்கொள்வது கருவான 28 நாள்களுக்குள். நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் பொறுத்து, சோதனைப் பட்டையில் இரண்டு கோடு பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, முதல் மாத்திரையைக் கையில் வாங்கும்போது அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். கருவுறும் முன்பே தொடங்காத ஃபோலிக் அமிலம் இந்த ஒரு பலனைத் தருவது அரிது. (பி12 பற்றி மேலே எழுதியதைப் படித்து யாரும் ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பி12-உம் உடன் வேண்டும் என்பதே பாடம்.)

பயனில்லாததையும் சொல்ல வேண்டும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு விலை உயர்ந்த புரதப் பவுடர் டப்பா வாங்கித் தருவது இன்று பாசத்தின் அடையாளமாகிவிட்டது. புரதம் தேவைதான், ஆனால் செறிவான புரதத்தை அள்ளிக் கொடுத்தால் நல்லது என்று சான்று சொல்லவில்லை. 1970-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் புரதம் செறிந்த பானம் கொடுத்த சோதனையில் மிகக் குறைமாதப் பிரசவங்கள் கூடின. ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் ஒரு மருத்துவமனை, கர்ப்பிணிகள் தினமும் அரைக் கிலோ அளவுக்கு இறைச்சி உண்ண வேண்டும், மாவுப் பண்டங்களைத் தவிர்க்க வேண்டும் என்று நெடுங்காலம் அறிவுறுத்தியது. அந்தப் பிள்ளைகளை முப்பது வயதை ஒட்டிப் பரிசோதித்தபோது, தாய் இறைச்சி அதிகம் உண்ட அளவுக்கு அவர்களின் இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. பருப்பு, முட்டை, தயிர், நெத்திலி, மத்தி என்று சமையலறை தரும் புரதத்துக்கு இந்த ஆபத்து இல்லை. செலவும் குறைவு. உணவுக்குப் பின் உடனே டீ, காபி குடிப்பது இரும்புச்சத்தைத் தடுக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். குங்குமப்பூவால் குழந்தை நிறமாகப் பிறக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்தப் பணத்துக்கு வாரம் முழுதும் முட்டை வாங்கலாம்.

இவ்வளவும் எழுதும்போது எனக்கு ஓர் அச்சம் உண்டு. பிள்ளைக்குச் சர்க்கரை வந்தால் 'நீ ஒழுங்கா சாப்பிட்டிருந்தா வந்திருக்காது' என்று தாயின் தலையில் பழியைப் போட இந்த அறிவியல் பயன்பட்டுவிடக் கூடாது. இந்தியாவில் கருவுறும் முன் எடை குறைவாக இருந்த பெண்கள் 42.2 சதவீதம் என்று, 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவுகளிலிருந்து ஆய்வாளர் டயான் காஃபி கணக்கிட்டார். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில், நம்மைவிட ஏழை நாடுகள் பல உள்ள பகுதியில், அது 16.5 சதவீதம்தான். வறுமை மட்டும் காரணமாக இருந்தால் இந்தக் கணக்கு இப்படி வராது. புதிதாக மணமாகி வந்த மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக, மிஞ்சியதைச் சாப்பிடும் வீடுகள் இந்தக் கணக்கில் இருக்கின்றன. 2019-21 ஆய்விலும் நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தட்டில் என்ன விழுகிறது என்பதை அந்தப் பெண் தனியாகத் தீர்மானிப்பதில்லை. கணவன், மாமியார், கூலி, ரேஷன் கடை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற பல மாநிலங்களைவிட முன்னே நிற்கிறது. பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. பி12 எங்கே கிடைக்கும் என்று மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், பத்தாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் ஒரு சிறுமிக்கு அந்த முட்டை, நாளைய பேறுகாலத்துக்கான முதலீடு. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இன்று 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. மகப்பேறு உதவி கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகே தொடங்குகிறது. பதினாறு வயதிலிருந்து முதல் கர்ப்பம் வரை, பனியன் கம்பெனியிலும் கல்லூரி விடுதியிலும் புகுந்த வீட்டிலும் இருக்கும் பெண்ணை எந்தத் தட்டும் தேடிவருவதில்லை. ஆய்வுகள் எல்லாம் விரல் நீட்டுவது அந்த ஆண்டுகளை நோக்கித்தான்.

மேனிலைப் பள்ளிக்கும் சத்துணவு முட்டையை நீட்டிக்க வேண்டும். திருமணப் பதிவின்போதே மணமகளுக்கு இரத்தசோகை, பி12, சர்க்கரைப் பரிசோதனையும் ஃபோலிக் அமில மாத்திரையும் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் மகளோ மருமகளோ அடுத்த ஆண்டு குழந்தை பெற எண்ணியிருந்தால், வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு கட்டும் வரை பொறுக்காமல், இந்த வாரமே அவள் தட்டில் கீரையும் ஒரு முட்டையும் ஒரு கொய்யாப்பழமும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் முன்னால் அவளை உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.